பிட்டத்துக்குள் புரையோடும் கட்டி

ஒருவர் நாற்காலியில் எப்படி உட்காருகிறார் என்று கவனிப்பது, வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் எனக்குப் போகாத பழக்கம். அறுவை வார்டில் தாதியாக இருந்தவள் நான். மலேசியாவில் எங்கள் ஊரான ஊத்தான் மெலிந்தாங்கில் இன்னும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு மழைக்காலக் காலையில், சாப்பாட்டுக் கடையில் பழ லாரி ஓட்டும் தம்பி ஒருவர் வலது பிட்டத்தைத் தூக்கிக்கொண்டு, பாரம் முழுவதையும் இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்து ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, ஒரு பக்கமாகவே உட்கார்ந்திருக்கிறாய்?”

“சூட்டுக் கட்டிதான் மிஸ்ஸிக்கா. இரண்டு இளநீர் குடித்தால் அடங்கிவிடும். வெளியே ஒன்றுமே தெரியவில்லை, வீட்டில் பார்த்துவிட்டார்கள்.”

“காய்ச்சல் இருக்கிறதா?”

“ராத்திரியில் மட்டும் கொஞ்சம் குளிருகிறது.”

எழுந்து காசு கொடுக்கப் போனபோது காலை இழுத்து இழுத்து நடந்தார். அவர் சொன்னதில் ‘வெளியே ஒன்றுமே தெரியவில்லை’ என்ற சொற்கள்தான் என் வயிற்றைக் கலக்கின. அவருக்கு அது ஆறுதல். வார்டில் இருந்தவர்களுக்கு அது கெட்ட சகுனம். ஏன் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தோலுக்கு அடியிலேயே வரும் கட்டியை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு மயிர்க்கால் அழுக்கேறும், சிவக்கும், வீங்கும், மஞ்சளாய் முகம் வைக்கும், உடையும், உள்ளே இருக்கும் ஆணி வெளியே வரும், ஆறிவிடும். நம் வீடுகளில் கட்டியைப் பற்றி இருக்கும் அறிவு முழுவதும் இந்த ஒரு வகையிலிருந்து வந்ததுதான். பழுக்கட்டும் என்று காத்திருப்பது, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது, ஒத்தடம் கொடுப்பது எல்லாமே தோலின் கட்டிக்கு ஏற்பட்ட வைத்தியம். ஆழத்தில் இருக்கும் கட்டி இந்தப் பாடத்தைப் படித்ததில்லை. அது பழுத்து வெளியே வருவதற்கு முன்பே உள்ளுக்குள் வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

அந்த வேலைக்குத் தமிழில் அழகான ஒரு சொல் இருக்கிறது: புரையோடுதல். ‘ஊழல் புரையோடிவிட்டது’ என்று நாளிதழில் படிக்கும்போது யாருக்கும் புண் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் சொல்லின் பிறந்த வீடு புண்தான். புரை என்றால் உள்ளே விழும் பொந்து. புரையோடிய புண் என்றால் மேலே சின்ன வாய், உள்ளே நீண்ட சுரங்கம்.

இதை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் அல்ல, தோட்டத்தில். என் அப்பா மண்டோர், தோட்டத்து மேற்பார்வையாளர். முன்பு தென்னை நின்ற கடலோர நிலத்தில் போட்ட செம்பனைகளை, அதாவது எண்ணெய்ப் பனைகளை, கனோடெர்மா என்ற காளான் அதிகமாகப் பிடிக்கும். மரம் பச்சையாக, குலை தள்ளிக்கொண்டு நிற்கும். அப்பா கத்தியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டுவார். டொக்கென்று வெற்று ஓசை கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். அடியில் பலகைபோல் காளான் முளைத்து, மட்டைகள் தொங்கத் தொடங்குகிற நாளில் அடிமரத்தின் உட்பகுதியில் பாதியாவது ஏற்கெனவே அழுகிப் போயிருக்கும். பட்டைக்குத்தான் செய்தி கடைசியாகப் போய்ச் சேருகிறது. பிட்டத்தில் தோல்தான் பட்டை.

பிட்டத்தின் உள்ளே என்ன இருக்கிறது?

தோல், அதற்கடியில் கொழுப்பு. இரண்டையும் சேர்த்தால் பலருக்கு மூன்று நான்கு விரல் தடிமன் வரும். அதன் கீழே உடம்பின் மிகப் பெரிய தசை, கையளவு அகலத்துக்கு மெத்தைபோல் விரிந்து கிடக்கிறது. முதுகடி எலும்பிலிருந்து புறப்பட்டுச் சாய்வாக இறங்கி, தொடையின் வெளிப்பக்கத்தில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. மாடிப்படி ஏறும்போதும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போதும் இழுப்பது இதுதான்.

இந்த மெத்தையைத் தூக்கினால் கீழே ஓர் அறை. அறை என்றால் வெறும் வெளி இல்லை. தளர்ந்த கொழுப்பு நிரம்பிய இடைவெளி. அதற்குள் கட்டைவிரல் பருமனில் சயாட்டிக் நரம்பு இறங்குகிறது, பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, அடித்தளமாக இன்னும் சில சிறிய தசைகள் கிடக்கின்றன. நோயாளிக்கு எல்லாத் தொந்தரவும் இந்த அறையில்தான் தொடங்குகிறது. காரணம் எளியது: அறைக்குக் கூரை கெட்டி, கதவுகள் பல.

சீழ் ஒரு திரவம். கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள், கரைந்த திசு, உயிரோடு இருக்கும் கிருமிகள் எல்லாம் கலந்த குழம்பு. நேரம் ஆக ஆக அளவு கூடுகிறது, அளவு கூடக் கூட அழுத்தம் கூடுகிறது. தசையை மூடியிருக்கும் உறையைத் துளைத்து, தசையைக் கடந்து, கொழுப்பைக் கடந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வருவது அதற்குக் கடினம். இடைவெளிகளில் இருக்கும் தளர்ந்த கொழுப்பை விலக்கிக்கொண்டு போவது எளிது. எளிதான பக்கம் போகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் வாய்க்காலைத்தான் காட்டுவேன். பெர்ணம் ஆறு கடலை நெருங்கும் தாழ்ந்த நிலம் இது. செம்பனை வரிசைகளுக்கு இடையே சின்ன வாய்க்கால், அவை சேரும் பெரிய வாய்க்கால், ஆற்றங்கரையில் மதகு. ஒரு மூலையில் பெய்த மழை எங்கே போய்த் தேங்கும் என்று கேட்டால் வாய்க்கால் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சீழும் அப்படித்தான். உடம்பில் எங்கெங்கே உறை, எங்கெங்கே இடைவெளி என்று தெரிந்தவர், கட்டி தொடங்கிய இடத்தைச் சொன்னால் அது எங்கே போயிருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடுவார்.

கதவுகள்

கீழ்க் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. பெரிய தசையின் கீழ் ஓரத்தைத் தாண்டிச் சயாட்டிக் நரம்பு தொடையின் பின்பக்கத்துக்கு இறங்குகிறதல்லவா, அந்த நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பு வழியாகச் சீழும் இறங்கும். தொடைத் தசைகளுக்கு நடுவில் வழிந்து, விட்டுவைத்தால் முழங்காலின் பின்குழிவரை போகும். நிற்கிற மனிதனுக்கு இதுதான் பள்ளத்தின் பக்கம். லாரித் தம்பிக்கும் இதுவே நடந்தது. பிட்டத்தில் கட்டி, ஆனால் அவர் அதிகமாகத் தைலம் தேய்த்தது முழங்காலுக்குப் பின்னால். நரம்பு வழியில் எங்கே எரிச்சல்பட்டாலும் வலி காலில் தெரியும். ‘சயாட்டிகா’, வெறும் நரம்பு வலி, என்று நினைத்து இடுப்புக்கு உருவிவிடப் போகிறவர்களும் உண்டு. காய்ச்சலோடு வரும் சயாட்டிகாவைச் சந்தேகப்படுங்கள். உருவுகிறவரிடம் போகவே போகாதீர்கள். அமுக்கும் ஒவ்வோர் அமுக்கும் சீழை அடுத்த அறைக்குத் தள்ளும்.

உள் கதவு இன்னும் மோசம். இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஒரு பெரிய துளை இருக்கிறது. சயாட்டிக் நரம்பும் அதன் கூட வரும் குழாய்களும் இடுப்புக்குழியிலிருந்து வெளியே வருவது இந்தத் துளை வழியாகத்தான். உள்ளிருந்து வெளியே வர வழி இருந்தால் வெளியிலிருந்து உள்ளே போகவும் வழி இருக்கிறது. துளையை ஒரு தசை பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருந்தாலும், தசைக்கு மேலும் கீழும் இடுக்குகள் உண்டு. அந்த இடுக்கில் புகுந்த சீழ் மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் பக்கத்து வீட்டுக்காரனாகிவிடும். அடிவயிறு கனப்பது, சிறுநீர் சரியாக இறங்காதது, மலம் கழிக்க அவஸ்தை எல்லாம் அப்போது சேர்ந்துகொள்ளலாம்.

பக்கவாட்டில் போனால் தொடை எலும்பின் மேல்முனை. அங்கே தசைகள் எலும்போடு உரசாமலிருக்க வழுவழுப்பான சிறு பைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் பின்னால் இடுப்பு மூட்டு. மூட்டுக்குள் சீழ் இறங்கினால் குருத்தெலும்பு நாட்கணக்கில் கரையும். அதன்பின் கட்டி ஆறினாலும் நடை ஆறாது.

நான்காவது கதவு சிறியது. அது ஆசனவாயின் இருபுறமும் இருக்கும் கொழுப்புக் குழிகளுக்குப் போகிறது. இந்தக் குழிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிட்டத்துக் கட்டி என்று நம்மவர்கள் சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் இங்கேதான் பிறக்கிறது.

ஆசனவாய்க்குள், ஒரு விரல்கணு உயரத்தில், வட்டமாகச் சில சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே சீழ் கட்டும். அந்தச் சீழ் இறுக்குத் தசையைக் கடந்து பக்கத்துக் கொழுப்புக் குழிக்கு வந்துவிட்டால் பிடித்தது பூதம். குழி பெரியது. நெகிழ்ந்தது. நிறையச் சீழ் சத்தமில்லாமல் தங்கும். வெளியே பிட்டத்தில் ஒரு கனம், ஓர் அழுத்தம், அவ்வளவுதான். இடது குழியும் வலது குழியும் ஆசனவாய்க்குப் பின்னால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஆகவே இடப்பக்கம் தொடங்கியது பின்னால் சுற்றி வலப்பக்கமும் வந்து குதிரை லாடம்போல் வளையும். அறுவை அறையில் ஒரு பக்கம் கீறி, மறுபக்கம் அமுக்கியபோது கீறிய பக்கத்திலிருந்து சீழ் பொங்கியதைப் பார்த்திருக்கிறேன். வெளியே இரண்டு கட்டி, உள்ளே ஒரே ஏரி. இதே குழியிலிருந்து மேலே, இடுப்பைத் தாங்கும் தசைத்தளத்தைத் துளைத்துக்கொண்டு இடுப்புக்குழிக்கும் போகலாம். வெளிப்பக்கமாகப் பிட்டத்தின் தோலுக்கும் வரலாம்.

இந்த வகைக் கட்டி உடைந்தோ கீறியோ வடிந்த பிறகும், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த வழி மூடாமல் நிலைத்துவிடுகிறது. உள்ளே சுரப்பியின் வாய், வெளியே தோலில் ஒரு துளை, நடுவில் குழாய். பவுத்திரம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். மூலமும் பவுத்திரமும் ஒன்று என்று நினைத்து மூலத்துக்கு விற்கும் களிம்பை ஆண்டுக்கணக்கில் தடவுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். குழாயைக் களிம்பு மூடாது.

எங்கிருந்தோ வந்த சீழ்

கதவுகள் இருபக்கமும் திறக்கும் என்பதால், பிட்டத்தில் தெரியும் கட்டியின் சொந்த ஊர் பிட்டமாக இல்லாமலும் இருக்கலாம். குடல்வால் வெடித்து இடுப்புக்குழியில் தேங்கிய சீழ், பெருங்குடலில் ஓட்டை விழுந்து கசிந்தது, முதுகடி எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் பிடித்த கிருமி, முதுகெலும்பில் வந்த காசநோய் என எது வேண்டுமானாலும் அந்தப் பெரிய துளை வழியாகப் பிட்டத்தில் தலைகாட்டலாம். காசநோயின் கட்டி தந்திரமானது. தொட்டால் சுடாது, சிவக்காது, அதிகம் வலிக்காது, மெதுவாக வீங்கும். மருத்துவர்கள் அதைக் குளிர்ந்த கட்டி என்றே சொல்வார்கள். அதன் வழக்கமான பாதை இடுப்புத் தசையின் உறைக்குள்ளேயே இறங்கி முன்பக்கம் கவட்டிக்கு வருவது. பின்பக்கம் வருவது அபூர்வம், ஆனாலும் வரும். இதனால்தான் சில நோயாளிகளுக்குப் பிட்டத்தில் கட்டி என்று வந்தவுடன் வயிற்றையும் முதுகையும் ஸ்கேன் எடுக்கிறார்கள். ‘வலிக்கிற இடம் ஒன்று, படம் எடுக்கிற இடம் ஒன்றா’ என்று வார்டில் சண்டைக்கு வந்த மாமாவை நினைத்துக்கொள்கிறேன்.

பிட்டத்துத் தசையிலேயே பிறப்பதும் உண்டு. இரத்த ஓட்டம் நிறைந்த தசையில் கிருமி எளிதில் குடியேறாது. ஆனால் அடிபட்டோ, அளவுக்கு மீறி உழைத்தோ தசை நைந்திருக்கும் நேரத்தில், இரத்தத்தில் சுற்றும் கிருமி அங்கே இறங்கிவிடும். வெப்ப நாடுகளில் அதிகம் காணப்படுவதால் வெப்பமண்டலத் தசைச்சீழ் என்றே இதற்குப் பெயர். பெரும்பாலும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. முதல் பத்து நாள், சில சமயம் மூன்று வாரம்வரை, சீழே இருக்காது. தசை மட்டும் பலகைபோல் இறுகியிருக்கும், இலேசாகக் காய்ச்சல் அடிக்கும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் மருந்தாலேயே அடக்கிவிட முடியும். நம்மவர்கள் இந்தக் கட்டத்தில்தான் தைலம் தேய்க்கிறார்கள்.

இன்னொரு வழி ஊசி. பிட்டத்தில் ஊசி போடும்போது மேல்புற வெளி மூலையில் போடச் சொல்வது சயாட்டிக் நரம்பைத் தவிர்க்கத்தான். இப்போது பல இடங்களில் இடுப்பின் பக்கவாட்டில் போடுவதை விரும்புகிறார்கள். இடம் சரியாக இருந்தாலும் ஊசியோ மருந்தோ சுத்தமில்லை என்றால் கிருமியை நேரே ஆழத்துக்கு அஞ்சல் செய்தது போலாகும். பதிவு இல்லாத ஆட்களிடம் சத்து ஊசி, அழகு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கிருமியின் குணம்

ஒரே அறை, ஒரே கதவுகள். ஆனாலும் ஒருவருக்கு வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது, இன்னொருவருக்கு ஒரே இரவில் ஓடுகிறது. வித்தியாசம் கிருமியில் பாதி, ஆளில் பாதி.

ஸ்டாஃபைலோகாக்கஸ் தன்னைச் சுற்றிலும் இரத்தத்தை உறையவைத்துச் சுவர் எழுப்பிக்கொள்ளும். அதனால் கெட்டியான கட்டியாக நிற்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் திசுக்களை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும். அதனால் சுவரில்லாமல் படரும். குடலிலிருந்து வரும் கிருமிகள் கூட்டமாக வந்து, காற்றில்லாத இடத்தில் வாயுவை உண்டாக்கும். பல கிருமிகள் சேர்ந்து உறைகளின் மேலேயே தீப்போல் ஓடி, தசையையும் கொழுப்பையும் சாகடித்துக்கொண்டு போகும் நோய் ஒன்று உண்டு. பிட்டத்திலிருந்து விதைப்பைக்கும் அடிவயிற்றுக்கும் பரவும் அந்த வடிவத்துக்கு ஃபூர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1883-இல் அவர் எழுதிவைத்தார். பார்ப்பதற்குச் சின்ன வீக்கம், ஆனால் ஆள் துடிக்கிற வலி. தோல் ஊதா நிறமாகக் கறுப்பது, நீர்க்கொப்புளம், தொட்டால் உப்பைக் கசக்குவதுபோல் நறநறப்பு. இவற்றில் எது தெரிந்தாலும் 999-ஐ அழையுங்கள். இது மணிக்கணக்கு விவகாரம்.

ஆள் என்று சொன்னேன். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அது எல்லா இனத்தாரையும்விட அதிகம். சர்க்கரை ஏறிய இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன: கிருமி இருக்கும் இடத்துக்கு மெதுவாகப் போகின்றன, போனாலும் சரியாக விழுங்குவதில்லை. நரம்பும் மரத்திருப்பதால் வலியும் குறைத்துக் காட்டும். கிருமி சர்க்கரையை ஏற்றுகிறது, ஏறிய சர்க்கரை கிருமியை வளர்க்கிறது. தனக்கு இனிப்புநீர் இருப்பதே கட்டிக்காக வந்த இடத்தில்தான் தெரியவந்தது என்று சொன்னவர்களை எண்ணி முடியாது. லாரித் தம்பியும் அதில் ஒருவர். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 22 மில்லிமோல் காட்டியது. சாப்பிடாமல் பார்க்கும்போது 7-ஐத் தொட்டாலே நீரிழிவு என்பார்கள்.

தோட்டத்து மக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொரு பெயர் மெலியோய்டோசிஸ். இந்தக் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலில் உள்ள கீறல் வழியாகவோ, மழைக்காற்றோடு மூச்சிலோ உள்ளே போகும். 1911-இல் ரங்கூன் பிணக்கிடங்கில் சில உடல்களை அறுத்துப் பார்த்த மருத்துவர் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் கண்டுபிடித்து, 1912-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த விலங்குகளிடம் அதே நோய் வந்தது. அதை ஆராய்ந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் 1921-இல் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஆகவே இது எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கும் விசித்திர நோய் அல்ல. நம் வாய்க்காலில் இருப்பது. நுரையீரலிலும், கல்லீரல், மண்ணீரல், புராஸ்டேட், தசைகளிலும் ஒரே சமயத்தில் கட்டிகளை உண்டாக்கும். இனிப்புநீர்க்காரர்களைத் தேடிப் பிடிக்கும். வழக்கமாகக் கட்டிக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பல இதற்கு வேலை செய்யாது. இரத்த நாளம் வழியே குறைந்தது பத்துப் பதினான்கு நாள் மருந்து, பிறகு மூன்று மாதமாவது மாத்திரை. பாதியில் விட்டால் திரும்ப வரும். சீழைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம். மண்ணிலும் நீரிலும் வேலை செய்கிறேன் என்று மருத்துவரிடம் நீங்களாகச் சொன்னால் அவர் அந்தத் திசையிலும் தேடுவார்.

கத்தி எதற்கு?

‘மருந்து கொடுத்துக் கரைக்க முடியாதா’ என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. மருந்து இரத்தத்தில் போகிறது. சீழ்க் குழிக்குள் இரத்தக் குழாய் இல்லை. சுவரைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்தாலும், உள்ளே இருக்கும் புளித்த, உயிர்வாயு இல்லாத குழம்பில் பல மருந்துகள் சோர்ந்துவிடும். சின்னதாக இருந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசி செருகி உறிஞ்சலாம், மெல்லிய குழாய் வைக்கலாம். பெரிதாக, அறை அறையாகப் பிரிந்திருந்தால் கீறித்தான் ஆக வேண்டும். எங்கெங்கே ஓடியிருக்கிறது என்று சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முன்கூட்டியே காட்டும். ஒரு மூலையை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் அதே காய்ச்சலோடு ஆள் திரும்புவார்.

லாரித் தம்பியைப் பட்டணத்து மருத்துவமனைக்கு அனுப்ப நான் பட்ட பாடு தனிக்கதை. கூச்சம். பிட்டத்தை யாரிடமும் காட்டப் பிடிக்கவில்லை, அதுவும் பெண் மருத்துவர் இருந்தால். கடைசியில் அவர் அம்மாவிடம் சொல்லித்தான் வண்டியில் ஏற்றினேன். மறுநாள் கீறினார்கள். பெரிய தசைக்கு அடியிலிருந்து தொடையின் நடுவரை ஒரே ஓட்டம்; அரை லிட்டருக்கு மேல் சீழ். வளர்த்துப் பார்த்ததில் ஸ்டாஃபைலோகாக்கஸ். தோலில் அதுவரை ஒரு சிவப்புகூட இல்லை.

கீறிய புண்ணைத் தைக்கவில்லை. இதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் பதறுவது வழக்கம். வாயை மூடினால் அடியில் மறுபடி தேங்கும். ஆகவே அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரும்வரை வாய் திறந்திருக்க வேண்டும். அதற்கு நாடாபோல் நீண்ட காஸ் துணியை நனைத்து உள்ளே மடித்து மடித்து வைப்பார்கள். ஊருக்குத் திரும்பியபின் கிளினிக்கில் தினமும் கட்டு மாற்றினார். ஒருநாள் துணைக்குப் போனேன். அந்தப் பெண் தாதி இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க, மந்திரவாதி வாயிலிருந்து துணி வருவதுபோல் வந்துகொண்டே இருந்தது. முதலில் மஞ்சள், பிறகு இளஞ்சிவப்பு, கடைசி முழத்தில் சுத்தமான இரத்தக்கறை. கையுறை போட்ட விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தாள். விரல் முழுவதும் மறைந்தது. “அடியில் நன்றாக வளர்கிறது அக்கா” என்றாள் என்னிடம். தம்பி தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்).

யார் உடனே போக வேண்டும்? பிட்டத்தில் ஆழமான வலியும் காய்ச்சலும் சேர்ந்திருப்பவர், உட்காரவோ நடக்கவோ முடியாதவர், இனிப்புநீர் உள்ளவர் அன்றைக்கே போக வேண்டும், தோல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. சிறுநீர் அடைத்தாலோ, கால் மரத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ இரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவு. குழம்பிப் பேசுவது கிருமி இரத்தத்தில் ஏறியதற்கு அடையாளமாக இருக்கலாம்.

முகப்பில் என்ன சொல்வது என்பதும் ஒரு பிரச்சினைதான். நம் பெரியவர்கள் மலாயில் ‘பீசுல்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது தோலில் வரும் கட்டிக்கான சொல். கேட்கிறவர் வரிசையில் உட்காரச் சொல்லிவிடுவார். ‘புங்கோங் சாக்கிட் டாலாம்’ என்று ஆழத்தில் வலி இருப்பதைச் சொல்லுங்கள். ‘டெமாம்’ என்று காய்ச்சலைச் சொல்லுங்கள். ‘தாக் போலே டூடோக்’ என்றால் உட்கார முடியவில்லை என்று பொருள். இனிப்புநீர் இருந்தால் ‘கென்சிங் மானிஸ்’ என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். லாரித் தம்பியின் அம்மா இந்த நான்கில் முதல் மூன்றையும் ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் தமிழில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போனார்.